மொண்டேகு கரையில் ஒரு நாற்றங்கால்

குருக்களைப் பயிற்றுவிக்கும் இல்லத்தைத் தமிழில் குருமடம் என்கிறோம். இலத்தீன் மொழியில் அதற்கு வழங்கும் பெயர் 'செமினாரியும்' என்பது. விதை என்று பொருள்தரும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது, நேர்ப்பொருள் நாற்றங்கால். 1563ஆம் ஆண்டு திரிதெந்தீன் பொதுச்சங்கம், மறைமாவட்டந்தோறும் குருத்துவப் பயிற்சிக்கென ஓர் இல்லம் வேண்டும் என்று ஆணையிட்டபோது இந்தச் சொல்லையே அதற்குச் சூட்டியது. உழவர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதன் ஆழம் எளிதில் விளங்கும். நாற்றங்காலில் பயிர் தங்குவதில்லை. பிடுங்கப்பட்டு வேறொரு வயலில் நடப்படுவதற்காகவே அங்கே வளர்கிறது. நாற்றை அள்ளிக்கொடுத்துவிட்டு வெறுமையாகக் கிடக்கும் நாற்றங்கால்தான் தன் கடமையைச் செய்துமுடித்த நாற்றங்கால்.

குருமடத்து வகுப்பில் கேட்டு ஏட்டில் குறித்துவைத்த இந்தப் பொருளை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் மண்ணிலும் மரத்திலும் கண்ணாரக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போர்த்துக்கல் நாட்டின் கொயிம்பிரா நகரில், மொண்டேகு நதியை நோக்கிச் சரியும் ஒரு குன்றின் மேல், பழமையான தாவரவியல் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதில் நடந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் கடற்கரைப் பங்கிலிருந்து ஒரு குழுவினர் பாத்திமா திருத்தலத்திற்குத் திருப்பயணம் மேற்கொண்டோம். மே 13 திருவிழா முடிந்த மறுநாள், அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கே உள்ள கொயிம்பிராவுக்குச் சென்றோம். பாத்திமா காட்சி கண்ட மூவருள் நெடுநாள் வாழ்ந்த சகோதரி லூசியா, 1948 முதல் 2005இல் இறக்கும்வரை அந்நகரின் கார்மேல் மடத்தில்தான் மறைந்து வாழ்ந்தார். அங்கே செபித்து முடித்தபின் பேருந்து புறப்படச் சிறிது நேரம் இருந்தது. குழுவினர் பலர் கடைவீதிக்குச் சென்றனர். என்னோடு வந்தவர் எங்கள் பங்கின் உபதேசியார் மட்டுமே. எழுபத்து நான்கு வயது. தந்தையும் பாட்டனும் உபதேசியார்கள். அயல்நாட்டில் வேலைபார்க்கும் மகன் பணம் அனுப்பியதால் பயணம் வந்தவர். "கடையில நமக்கு என்ன சாமி வேலை, மரமாவது பார்ப்போம்" என்றார்.

தோட்டத்தின் வாயிலுக்கு அருகே உயர்ந்த கல்வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட நீர்க்கால் அது. மலையின் மேற்பகுதிக்குக் குடிநீர் கொண்டுவந்தது. வளைவின் உச்சியில் புனித செபஸ்தியாரின் உருவம். அதைக் கண்டதும் உபதேசியார் கைகூப்பினார். ஊர்தோறும் சனவரி மாதத்தில் தேர் இழுக்கும் நமக்கு, அவர் எங்கே நின்றாலும் சொந்தக்காரர்தாம்.

உள்ளே நுழைந்தால் குன்றின் சரிவு படிப்படியாக வெட்டப்பட்டு, தாங்குசுவர் எழுப்பிய அடுக்குத் தளங்களாக இறங்குகிறது. கல்படிகள் ஒரு தளத்தை அடுத்த தளத்தோடு இணைக்கின்றன. நடுவில் நீரூற்றோடு கூடிய ஒரு சதுரத் தோட்டம். அதற்கப்பால் அடர்ந்த மரக்காடு. அதன் கீழே நதி. மொத்தம் 13 எக்டேர், அதாவது ஏறத்தாழ 32 ஏக்கர். 1772ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சீர்திருத்தத்தின்போது பொம்பால் பிரபு இதனைத் தோற்றுவித்தார். திட்டம் வகுத்தவர்களுள் ஒருவர் இத்தாலியரான வாண்டெல்லி. முதல் வரைபடம் பெருஞ்செலவு பிடிப்பதாக இருந்ததால், மாணவர் படிப்பதற்கான தோட்டம் போதும், அரசர் பெருமைக்கான தோட்டம் வேண்டாம் என்று 1773இல் பொம்பால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1791 முதல் இதனை வளர்த்தெடுத்த புரோத்தேரு என்னும் தாவர அறிஞரின் சிலை உள்ளே அமைந்துள்ளது. 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தை உலக மரபுச் செல்வமாக அறிவித்தபோது, இத்தோட்டமும் அதனுள் அடங்கியது.

பொம்பால் என்ற பெயரைத் திருச்சபை வரலாறு படித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 1759இல் போர்த்துக்கல் நாட்டிலிருந்தும் அதன் ஆட்சிக்குட்பட்ட நிலங்களிலிருந்தும் இயேசு சபையினரை வெளியேற்றியவர் அவரே. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் அச்சபையையே கலைக்கும்படி நேர்ந்ததற்கும், அவரைப் போன்றோர் தந்த நெருக்கடியே பெருங்காரணம். தோட்டத்திலிருந்து சிறிது தூரம் மேலேறினால், 1542இல் இயேசு சபையினர் நிறுவிய கல்லூரி நின்ற இடம் இருக்கிறது. வெளியேற்றத்திற்குப் பின் அதன் ஆலயம் 1772இல் நகரின் புதிய பேராலயமாயிற்று. கல்லூரியின் பிற பகுதிகள் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பயன்பாட்டுக்குச் சென்றன.

அந்தக் கல்லூரிக்கும் நமக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளார் 1545இல் இந்தக் கொயிம்பிராவில்தான் இயேசு சபையில் சேர்ந்தார். யூத வழிமரபினர் என்ற காரணத்தால் முன்னர் மற்றொரு துறவற சபையிலிருந்து அனுப்பப்பட்டவர் அவர். 1546இல் கப்பலேறி முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதி, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். பதினாறே பக்கங்கள். அச்சுப் பணிக்குப் பொருள் தந்து உதவியவர்கள் நம் கடற்கரை மக்கள். 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் மண்ணில் உழைத்தவர். நூறாண்டு கழித்து, இதே கொயிம்பிராவில் பயின்ற மற்றோர் இளைஞர் 1673இல் கப்பலேறினார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் மணலில் தலை வெட்டுண்டு இறந்த புனித அருளானந்தர் அவர்.

இதைச் சொன்னபோது உபதேசியார் நின்றுவிட்டார். மலையுச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "அப்போ நம்ம வயலுக்கு நாத்து வந்த இடம் இதுதானா சாமி?" என்றார். குருமடத்துக்கு நாற்றங்கால் என்று பொருள் என்பதை நான் அவருக்குச் சொல்லவேயில்லை.

தோட்டத்தில் மேலும் நடந்தோம். நடக்க நடக்க, இந்த மண்ணின் வரலாறு மனிதர் போட்ட கணக்கை எப்படியெல்லாம் கலைத்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. இயேசு சபையினரை வெளியேற்றியவர் அமைத்த தோட்டத்திற்கு நிலத்தின் பெரும்பகுதி வந்தது, புனித பெனடிக்ட் சபைத் துறவியரின் கல்லூரியிலிருந்து. தோட்டத்தை ஒட்டியே மறைமாவட்டக் குருமடம் நிற்கிறது. அதை 1748இல் நிறுவிய ஆயர் மிகேல், பொம்பாலின் ஆணையால் 1768 முதல் 1777 வரை சிறையில் வாடினார். அந்தக் குருமடம் இன்று நிற்கும் தெருவுக்கு, பொம்பாலின் தோட்டத்தைத் திட்டமிட்ட வாண்டெல்லியின் பெயர்! பகைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தோட்டமும் குருமடமும் ஒரே சரிவில் அண்டை வீட்டாராய் நிற்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை விழுங்கிய தலைமுறையினர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அம்மருந்து சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. 17ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டிலிருந்து அப்பட்டையை ஐரோப்பாவிற்குக் கொண்டுவந்து பரப்பியவர்கள் இயேசு சபையினர். ஆகவே 'இயேசு சபையார் பட்டை' என்றே அதற்குப் பெயர் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்த அதே காலத்தில், கொயிம்பிராத் தோட்டத்திலும் அச்செடிகள் வளர்க்கப்பட்டு, மலேரியா வாட்டிய ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. அந்தக் கப்பல்களில் மருந்தோடு ஆதிக்கமும் சென்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், துரத்தப்பட்டவர்கள் உலகுக்கு அறிமுகப்படுத்திய மரம், துரத்தியவரின் தோட்டத்தில் நாற்றாகி, யாரோ ஓர் ஏழையின் காய்ச்சலைத் தணித்திருக்கிறது. இறைவனின் பண்ணை வேலை இப்படித்தான் நடக்கிறது.

ஓரிடத்தில் மிகப் பெரிய மரம் ஒன்று எங்களை நிறுத்தியது. அடிமரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோலப் புடைத்தெழுந்த வேர்கள்; தடித்த, எண்ணெய் பூசியதுபோன்ற இலைகள்.

"சாமி, இது நம்ம ஆலமரத்துச் சாதி இல்லா?"

அடியில் இருந்த சிறு பலகையைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். "ஆமாம் ஐயா. ஆல், அரசு, அத்தி எல்லாம் ஒரே இனம். இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது" என்றேன்.

"பலகையில எழுதியிருக்கிறதை எனக்கு வாசிக்கத் தெரியலை. ஆனா மரத்தைத் தெரியுது" என்று சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த கல்லிருக்கையில் அமர்ந்து, சற்று நேரம் கழித்துத் தொடர்ந்தார்.

"எம் பேரனுக்கு இதே கதைதான் சாமி, தலைகீழா. நல்லாத் தமிழ் பேசுவான். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்க தாத்தா கையால எழுதின செபப் புத்தகம் வீட்டுப் பெட்டியில இருக்கு. தபசு காலப் பாட்டு, செத்தவங்களுக்குச் சொல்ற செபம், எல்லாம் அதில இருக்கு. எனக்குப் பொறகு அதை யாரு தொறப்பா?"

அன்பர்களே, முத்துக்குளித்துறையின் மொழியை எழுத்தெழுத்தாகக் கற்று அதை அச்சில் ஏற்றிய ஒரு வேற்று நாட்டவர் புறப்பட்ட ஊரில் அமர்ந்து, அதே கடற்கரையின் மகன் ஒருவர், தம் பேரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று கண் கலங்கிய காட்சியை என் நெஞ்சு மறக்கவில்லை. ஆறுதலாகச் சொல்வதற்கு எனக்குப் பல வார்த்தைகள் தெரியும். அடக்க வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் அவற்றைச் சொல்லியிருக்கிறேன். அன்று எதுவும் வாயில் வரவில்லை. அவர் கேட்டது அவர் வீட்டுப் பெட்டியைப் பற்றி மட்டுமன்று என்று எனக்குத் தோன்றியது. இந்தக் குன்றின் மேல் இருக்கும் கல்லூரிக் கட்டடங்களைப் பயணிகள் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். நம்முடைய ஆலயங்களும் ஒருநாள் அப்படியாகிவிடுமா? நாம் விட்டுச்செல்வதைப் பிள்ளைகள் வாழ்வார்களா, வேடிக்கை பார்ப்பார்களா?

இதற்கான விடையின் ஒரு பகுதியைத் தோட்டமே தந்தது. தாவரவியல் தோட்டங்களுக்கென நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. தம்மிடம் உள்ள செடிகளின் விதைகளைச் சேகரித்து, பட்டியல் வெளியிட்டு, கேட்கும் பிற தோட்டங்களுக்கு விலையின்றி அனுப்புவார்கள். பதிலுக்கு அங்கிருந்து விதை பெறுவார்கள். கொயிம்பிராவிலும் 19ஆம் நூற்றாண்டு முதல் இவ்வழக்கம் உண்டு. இதில் ஓர் அறிவு இருக்கிறது. ஓர் அரிய மரம் ஒரே தோட்டத்தில் மட்டும் இருந்தால், ஒரு புயலோ ஒரு நோயோ போதும், அது அடியோடு அழிந்துவிடும். பத்துத் தோட்டங்களுக்கு விதை கொடுத்திருந்தால், இங்கே பட்டாலும் வேறெங்கோ தழைக்கும். தேவைப்பட்டால் திரும்பியும் வரும். வேலியைவிடக் கொடையே மரத்திற்குப் பெரிய பாதுகாப்பு.

நம் முன்னோர் விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து கோட்டை கட்டி வைத்தார்கள். பஞ்சத்திலும் அதைத் தொடவில்லை. ஆனால் மழை விழுந்த அன்று தயங்காமல் அவிழ்த்தார்கள். கோட்டையின் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் நெல் புழுத்திருக்கும்.

மரபு என்பதற்கு இலத்தீனில் வழங்கும் சொல், கையளித்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. யூதாசு ஆண்டவரைப் பகைவரிடம் ஒப்புவித்ததைக் குறிக்கவும் இலத்தீன் நற்செய்தியில் அதே வினைதான் வருகிறது. இறையியல் வகுப்பில் இதைக் கேட்டபோது வியந்திருக்கிறேன். ஆனால் தமிழும் அதையே சொல்லவில்லையா? ஒப்புக்கொடுத்தலும் கொடுத்தல்தான், காட்டிக்கொடுத்தலும் கொடுத்தல்தான். அன்போடு அடுத்தவர் கையில் வைத்தால் ஒப்புக்கொடுக்கிறோம். கடமைக்குத் தள்ளிவிட்டால், பொருள் விளங்காமல் திணித்தால், வாழ்ந்துகாட்டாமல் வாயால் மட்டும் சொன்னால், நம்பிக்கையைக் காட்டிக்கொடுத்தவர்களாகிறோம். 1965இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, திருச்சபையின் மரபு தூய ஆவியின் துணையோடு வளர்கிறது என்று கற்பிக்கிறது. வளர்வது உயிருள்ளது மட்டுமே.

கல்லிருக்கையை விட்டு எழுந்து மரக்காட்டின் வழியே கீழிறங்கினோம். வழியில் ஒரு மூங்கில் தோப்பு. காற்றில் மூங்கில்கள் ஒன்றோடொன்று உராயும் ஓசை குற்றால மலையடிவாரத்தை நினைவூட்டியது. சரிவின் அடியில் மொண்டேகு நதி அமைதியாக ஓடுகிறது. போர்த்துக்கல் நாட்டிலேயே தோன்றி அந்நாட்டிலேயே கடல் சேரும் நதிகளுள் மிக நீளமானது இது.

நதியின் அக்கரையில் இரண்டு கிளாரா மடங்கள். அரசி புனித இசபெல் போற்றி வளர்த்த பழைய மடம் ஆற்றோரத்தில் இருந்தது. ஏழைகளுக்காக அவர் மடியில் மறைத்துச் சென்ற காசுகள், அரசர் கேட்டபோது ரோசா மலர்களாயின என்பது அந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. 1336இல் அவர் இறந்தார். அதன்பின் வெள்ளம் திரும்பத் திரும்ப மடத்திற்குள் புகுந்தது. கன்னியர் தளத்தை உயர்த்திக் கட்டிப் பார்த்தனர், நதி விடவில்லை. 1677இல் மடத்தைக் கைவிட்டுக் குன்றின் மேல் புதிய மடத்துக்கு ஏறினர். அரசியின் உடலும் அவர்களோடு சென்றது. பழைய மடம் சேற்றில் புதைந்து, 1995க்குப் பிறகு நடந்த அகழாய்வில் வெளிப்பட்டது. மடம் மூழ்கிய நூற்றாண்டுகளிலும் அரசியின் ஈகையை மக்கள் மறக்கவில்லை. கொயிம்பிராவின் பாதுகாவலி இன்றும் அவரே.

ஊர் திரும்பியபின் உபதேசியார் ஒரு காரியம் செய்தார். ஞாயிறு மாலைதோறும் அலைபேசியில் பேரனை அழைத்து, முகம் பார்த்துக்கொண்டே தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். பாட்டன் எழுதிய செபப் புத்தகத்தையே பாடநூலாக்கினார். பேரன் மூன்று வாரம் உட்கார்ந்தான். நான்காம் வாரம் விளையாடப் போய்விட்டான். உபதேசியார் மனம் நொந்தார். ஆனால் அந்த மூன்று வாரமும் அண்ணனின் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கை, "தாத்தா, எனக்குச் சொல்லித் தாங்க" என்று அலைபேசியை வாங்கிக்கொண்டாள். ஓராண்டு கழிந்து கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊர் வந்தபோது, பெட்டியைத் திறந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, பரலோக மந்திரத்தை முழுவதும் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். தாத்தா திருத்தவில்லை. விதைப்பவர் ஒரு பாத்தியைக் குறிவைக்கிறார். முளைப்பது பக்கத்துப் பாத்தியாக இருக்கலாம்.

பங்குக் குருக்களாகிய எங்களுக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றம் வரும். நான் நட்ட வேம்புகள் நான்கு ஊர்களில் நிற்கின்றன. அவற்றின் நிழலில் வேறு குருக்கள் நாற்காலி போட்டு அமர்கிறார்கள். பெற்றோருக்கும் ஒரு மாற்ற ஆணை உண்டு. அது எழுதப்பட்ட தேதி மட்டும் நமக்குத் தெரியாது. கோபுரத்தை உயர்த்தவும், விழாவைப் பெரிதாக்கவும், பழைய ஆலயத்திற்குப் புதுவண்ணம் பூசவும் நாம் காட்டும் ஊக்கம் நல்லதே. அதே ஊக்கத்தில் ஒரு கைப்பிடியாவது, நம் வீட்டுப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒரு செபத்தையும், ஒரு பாடலையும், அதை எழுதிய எழுத்தையும் கற்றுக்கொடுப்பதற்கு வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். அதனுள் பாட்டியின் செபமாலையோ, தாத்தாவின் ஞாயிறு பூசைப் புத்தகமோ, பழைய திருமண ஓலையோ இருக்கலாம். இந்த ஞாயிறு மாலை அதைத் திறந்து, பிள்ளைகளின் கையில் கொடுங்கள். கிழித்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். முளைக்க வைப்பது ஆண்டவரின் வேலை. கோட்டையை அவிழ்ப்பது நம் வேலை.